மூடி மாட்டுற வரைக்கும்

லென்ஸைத் தொடாதீங்க தம்பி. கண்ணால எம்புட்டு நேரம் வேணும்னாலும் பாருங்க, கை மட்டும் வேண்டாம். கோவப்பட்டுச் சொல்லலை. கோயம்புத்தூர்லருந்து வண்டி மாறி வந்திருக்கீங்க, இந்தக் கேமராப் பெட்டியை உங்களுக்குத்தான் குடுக்கணும்னு முடிவு பண்ணித்தான் வரச் சொன்னேன். ஆனா வரும்போது பஸ் ஸ்டாண்டுல வழி கேட்டிருப்பீங்க. டைம் ஆபீஸ் சௌந்தரம் வீடு எதுன்னு சாத்தூர்ல கேட்டா வழியை மட்டும் சொல்லி அனுப்ப மாட்டாங்க. பொண்டாட்டியை அடிச்சுத் தொரத்துன ஆளான்னு சேத்துத்தான் சொல்லியிருப்பாங்க. உக்காருங்க. அதுல வேண்டாம், பிரம்பு நாற்காலியில உக்காருங்க. அந்த மரச் சேர் படம் எடுக்கிறதுக்குன்னு போட்டது.

நான் கை நீட்டுறவன் கிடையாது தம்பி. என் வேலை அப்படி. தனியார் பஸ்ஸுக்கு டைம் பாத்து எடுத்து விடுற வேலை. ஒருத்தன் தன் நேரத்துக்கு மேல நின்னு ஆள் ஏத்துனான்னா பின்னால நிக்கிறவன் பொழப்பைத் திங்கிறான்னு அர்த்தம். அதைக் கேக்கத்தான் என்னைய வெச்சிருக்காங்க. போன வருசம் ஒரு டிரைவர், வண்டியை எடுடாங்கிறேன், எடுக்கிறேன்யாங்கிறான். யா. சன்னல் வழியா சட்டையைப் புடிச்சு இழுத்தேன். ஸ்டியரிங்ல மூக்கு இடிச்சு ரத்தமாக் கொட்டிருச்சு. ஊரெல்லாம் சௌந்தரம் அடிச்சுட்டான்னு பேச்சு. நான் இழுக்கத்தான் செஞ்சேன். இடிச்சது ஸ்டியரிங்கு.

சரி, பெட்டி கதைக்கு வாரேன். இதைக் காரைக்குடியில வாங்குனேன். பழைய சாமான் விக்கிற கடைங்க வரிசையா இருக்குமே, அங்க. கல்யாண வீட்டுக்குப் போனவன், சாப்பிட்டுட்டுச் சும்மா நடந்தேன். ஒரு கடையில அண்டா குண்டாவுக்கு நடுவுல மூணு கால் ஸ்டாண்டுல இது நிக்குது. தேக்குப் பலகை, பித்தளைக் கொண்டி, நடுவுல தோல் துருத்தி. துருத்தியை இழுத்துப் பாத்தேன், ஒரு கிழிசல் இல்லை. பின்னால தேய்ச்ச கண்ணாடி. கறுப்புத் துணியைப் போத்திக்கிட்டு உள்ள பாத்தேன். தெருவே தலைகீழாத் தொங்குது. மாடு தலைகீழா நடக்குது, ஆளுங்க தலைகீழா போறாங்க. தம்பி, உங்களுக்குச் சொன்னா புரியும். என் வாழ்க்கையில நான் அம்புட்டு சந்தோசப்பட்டது கிடையாது. துணிக்குள்ள நின்னு சிரிச்சேன்.

வெளிய வந்தா ஒருத்தன் கடைக்காரர்ட்ட போனை நீட்டிக்கிட்டு நிக்கிறான். கேரளாக்காரன், கண்ணாடி போட்டவன். இதே பெட்டிக்குத்தான் வெலை பேசுறான். நான் பாத்துக்கிட்டு இருக்கிறப்பவே பேசுறான். நான்தான் மொதல்ல கை வெச்சேன்னேன். அவன் என்னைய மேலயும் கீழயும் பாத்துட்டு, அண்ணா, இது யூஸ் பண்ணத் தெரியுமாங்கிறான். கடைசியில அவன் ஸ்டாண்டுக் காலைப் பிடிச்சுக்கிட்டான், நான் பெட்டியைப் பிடிச்சுக்கிட்டேன். விடுன்னேன். விடலை. ஸ்டாண்டை மடக்குனேன். மடக்குற எடத்துல அவன் விரல் இருந்துச்சு. ரெண்டு விரலு. சத்தம் கேட்டுச்சு. தெரிஞ்சு மடக்குனேனா தெரியாம மடக்குனேனான்னு இப்பக் கேட்டா என்ன சொல்ல. பெட்டி எனக்கு வந்துருச்சு.

யூஸ் பண்ணத் தெரியுமான்னானே, கத்துக்கிட்டேன் தம்பி. போன்ல வீடியோ பாத்து, நாலஞ்சு மாசம் பாடுபட்டுக் கத்துக்கிட்டேன். இதுக்கு இப்ப பிலிம் கிடைக்காது, கிடைச்சாலும் யானை வெலை. எக்ஸ்ரே பிலிம் போடலாம்னு ஒரு வெள்ளைக்காரன் சொன்னான். பத்துக்குப் பன்னெண்டு இஞ்சு எக்ஸ்ரே பிலிம் இதோட சட்டத்துக்குள்ள அச்சா உக்காருது. செவப்பு பல்பு வெளிச்சத்துல அதை எடுத்துப் போடலாம், ஒண்ணும் ஆகாது. குளியலறையை அடைச்சுட்டு அங்கயே கழுவுவேன். நெகட்டிவே இம்புட்டுப் பெருசு. பேப்பரை அதோட ஒட்ட வெச்சு வெளிச்சம் காட்டுனா அதே அளவுக்குப் படம். ரயில்வே கேட்டை எடுத்தேன், தண்டவாளத்துல கிடக்கிற ஜல்லிக் கல்லு ஒவ்வொண்ணையும் எண்ணலாம்.

முக்கியமான ஒண்ணு. இந்த லென்ஸ்ல ஷட்டர் கிடையாது. பித்தளை மூடிதான். மூடியைக் கையால கழட்டணும், மனசுக்குள்ள எண்ணணும், திரும்ப மாட்டணும். கழட்டுனதுலருந்து மாட்டுற வரைக்கும் எதிர்ல இருக்கிறவங்க அசையக் கூடாது. மூச்சு விடலாம், அதுவும் பதனமா. இந்த ஒரு விதிதான். மூடி மாட்டுற வரைக்கும் அசையாதே. இதை ஒரு மனுசி செய்ய முடியாதா?

அப்பத்தான் இந்த வீட்டைக் கட்டி முடிச்சிருந்தேன். அந்தச் சுவத்துல, ஆமா, ஆணி இருக்கு பாருங்க, அங்க என் குடும்பப் படம் தொங்கணும். உள்ள வர்றவன் எவனா இருந்தாலும் மொதல்ல அதைத்தான் பாக்கணும். நான் எடுத்த படமா இருக்கணும். வேலுத்தாய் உக்காந்திருக்கணும், பக்கத்துல சுபாஷினி நிக்கணும். வேலுத்தாய் என் சம்சாரம், சுபாஷினி ஒரே மக, மதுரையில காலேஜ் படிச்சா. நான் அதுல இல்லாட்டிப் பரவால்லை. என் பொண்டாட்டி, என் மக, என் கையால எடுத்த படம். வேற ஒண்ணும் நான் கேக்கலை.

மொதப் படத்தைக் கழுவிப் பாக்கிறேன். நாற்காலி தெளிவு. சேலை மடிப்பு தெளிவு. சுபா கூட ஓரளவுக்குத் தெளிவு. வேலுத்தாய்க்கு முகம் இல்லை. கழுத்துக்கு மேல வெறும் புகை. அசைஞ்சியான்னு கேட்டேன். தெரியலைங்கன்னா. ரெண்டாவது எடுத்தேன், மறுபடி புகை. அன்னிக்கு ஒரு அறைதான். பிலிம் காசுக்காக இல்லை, கவனம் இருக்கட்டுமேன்னு.

இதுல ஒரு வெசயம் கேளுங்க. நான் கறுப்புத் துணிக்குள்ள இருக்கிற வரைக்கும் அவ அசையவே மாட்டா. கண்ணாடியில தலைகீழாத் தெரிவா, சிலை மாதிரி. எம்புட்டு நேரம் வேணும்னாலும் இருப்பா. நான் வெளிய வந்து, சட்டத்தைச் சொருகி, மூடியைக் கழட்டக் கையைத் தூக்குவேன். அங்கதான் கெட்டுப் போகும். தலை வெட்டி ஒரு பக்கமாத் திரும்பும், தோள் மேல ஏறும், கண்ணை இறுக்கி மூடிக்கிருவா. ஒரு நொடிதான். பழையபடி உக்காந்துருவா. ஆனா மூடி தெறந்திருச்சே. எதிர் வீட்டு வாத்தியார் குடும்பத்தை எடுத்தேன், அஞ்சு பேரு, அவர் வீட்டு வாலு உட்பட. சுத்தமா வந்துச்சு. அவங்களும் இதே கையைத்தானே பாத்தாங்க. என்கிட்ட மட்டும் ஏன் இந்தப் பிடிவாதம்? வேணும்னு செய்யுறா தம்பி. என் ஆசை எதுன்னு தெரிஞ்சு, அதுல மண்ணள்ளிப் போடுறா.

சுபா ஒரு நாள் சொன்னா. அப்பா, நீங்க கையைத் தூக்குனா அம்மாவுக்கு அப்படித்தான் ஆகும், நீங்க தள்ளி நில்லுங்க, மூடியை நான் கழட்டுறேன்னா. லென்ஸ் இருக்கிறது நெஞ்சு உசரத்துல. கையைத் தூக்காம எப்படிக் கழட்ட? படிச்ச பிள்ளை பேசுற பேச்சா? பெட்டியை இவ கையில குடுத்துக் கீழ போட்டுட்டா யாரு பதில் சொல்றது? வாயை மூடிட்டு நில்லுன்னேன். எதுத்துப் பேசுனா. அவளுக்கும் ஒண்ணு விழுந்துச்சு. மூடி என் கையிலதான் இருந்துச்சு, பித்தளை, நெத்தியில லேசாக் கீறிருச்சு. அதுக்கு அவங்கம்மா என் காலைப் பிடிச்சுக்கிட்டா. என்னைய எடுங்க, எத்தனை தடவை வேணும்னாலும் எடுங்க, அவளை விட்டுருங்கன்னா. சரின்னு அவளையே எடுத்தேன். அதுவும் புகை.

டீ ஆறுது பாருங்க. ஏன் தம்பி பின்னால சாயுறீங்க, டம்ளரை உங்க பக்கம் நகத்தத்தான் கை நீட்டுனேன். குடிங்க. சர்க்கரை குறைச்சலா இருக்கும், எனக்குப் போடத் தெரியாது.

அப்புறம் பஸ்ஸுக்கு பாடி கட்டுற பட்டறையில சொல்லி இரும்புல ஒண்ணு செஞ்சேன். அந்தக் காலத்து ஸ்டுடியோவுல இருந்ததாம். நாற்காலிக்குப் பின்னால நிக்கும், மேல கவட்டை மாதிரி ரெண்டு கம்பி, பெடரியைப் பிடிச்சுக்கிரும். தலை அசையாது. வீடியோவுல வெள்ளைக்காரி எல்லாம் சிரிச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருக்கா. வேலுத்தாய் கம்பி குத்துதுன்னா. நாலு துணியைச் சுத்திக் குடுத்தேன். நான் ஒண்ணும் ஈவு இரக்கம் இல்லாதவன் கிடையாது. திருகாணியை முடுக்கி, தலையை நிமித்தி வெச்சு, கையைத் தூக்குறேன். தலை போக எடம் இல்லை. ஒடம்பு மொத்தமும் துள்ளுச்சு. நாற்காலியோட பக்கவாட்டுல சாஞ்சு, கவட்டை கழுத்துல இழுத்து, கீழ விழுந்து, இரும்பு அவ மேல விழுந்து, ஸ்டாண்டு தட்டி பெட்டியும் விழப் பாத்துச்சு. பெட்டியைப் பாய்ஞ்சு பிடிச்சேன். நல்லவேளை பிடிச்சேன். இல்லைன்னா நீங்க இன்னிக்கு இங்க வந்திருக்க வேலையே இல்லை.

அன்னிக்கு எனக்கு நெசமாவே கோவம் வந்துருச்சு. ஒத்துக்கிறேன். ஸ்டாண்டுக் கால் ஒண்ணு கழண்டு கையில இருந்துச்சு. கையிலதான் அடிச்சேன், மணிக்கட்டுல. முகத்துல அடிக்கலை. படத்துக்கு உக்கார வேண்டிய முகம்னு எனக்கு அந்த நேரத்துலயும் புத்தி இருந்துச்சு. எலும்பு விரிசல் விட்டுப் போச்சுன்னு கட்டுப் போட்டாங்க. படியில விழுந்தேன்னு அவளே டாக்டர்ட்ட சொன்னா, நான் சொல்லச் சொல்லலை. கட்டோட உக்கார வெச்சு ஒண்ணு எடுத்தேன். கட்டு அம்புட்டுத் தெளிவு. நூலு நூலாத் தெரியுது.

இதுக்கு நடுவுல இன்னொரு தலைவலி. படத்துல கறை விழ ஆரம்பிச்சது. கழுத்தடியில ஒரு கறுப்புத் திட்டு. தோள்பட்டையில நாலு கோடு, விரல் போட்ட மாதிரி. முழங்கைக்கு மேல ஒண்ணு. நேர்ல பாத்தா அவ தோலு நல்லாத்தான் இருக்கு, என்னமோ லேசா மஞ்சளிச்சாப்புல, அம்புட்டுத்தான். படத்துல மட்டும் மையைக் கொட்டுனாப்புல இருக்கு. மருந்து மாத்துனேன், தட்டு மாத்துனேன், தண்ணியைக் கொதிக்க வெச்சு ஆற வெச்சுக் கழுவுனேன். போகலை. ரயில்வே கேட்டு படத்துல கறை இல்லை. வாத்தியார் குடும்பத்துல கறை இல்லை. வேலுத்தாய் படத்துல மட்டும் கறை. பிலிம் டப்பா மோசம்னு முடிவுக்கு வந்து, மதுரைக்கு எடுத்துட்டுப் போயி, வித்த பையன்ட்டப் படத்தைக் காட்டுனேன்.

அவன் ரொம்ப நேரம் பாத்தான். பாத்துட்டு மெதுவாச் சொல்றான். அண்ணாச்சி, இந்த பிலிமுக்குச் செவப்பு தெரியாது. தோலுல அடிபட்டுக் கன்னிப் போயிருந்தா, ஆறி வெளிய தெரியாமப் போனாக்கூட இதுல கறுப்பா விழும். இது கறை இல்லை, இந்த அம்மாவை யாரோ அடிச்சிருக்காங்கன்னான். எப்படி தம்பி இருக்கும் எனக்கு? சரக்கு மோசம்னு கேக்கப் போனா, என் வீட்டுப் பொம்பளையைப் பத்திப் பேசுறான். டப்பாவை அவன் முகத்துல அடிச்சேன். கீழ விழுந்தவனை மிதிச்சேன். சுத்தி நின்னவங்க இழுத்தாங்க. ஒரு விலா எலும்போ என்னமோ. வேற கடையில பிலிம் வாங்குனேன். அதுலயும் அதே கறை. எல்லாம் ஒரே கம்பெனிச் சரக்கு போல.

படங்களை எல்லாம் சுபா ஒரு நாள் இந்தத் தரையில வரிசையாப் பரப்பி வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. என்னடான்னு கேட்டேன். அழகா இருக்குப்பான்னா. மக வாயால அப்படிக் கேக்க எம்புட்டு சந்தோசமா இருந்துச்சு தெரியுமா. எனக்கு ஒரு செட்டு வேணும்பான்னா. குளியலறையில நின்னு எல்லாத்தையும் இன்னொரு தடவை பிரிண்ட் போட்டுக் குடுத்தேன். பின்னால தேதி போட்டுத் தாங்கன்னா. போட்டுக் குடுத்தேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை எனக்கு அலுத்துப் போச்சு. கத்திப் பாத்தாச்சு, அடிச்சும் பாத்தாச்சு, இரும்பு செஞ்சும் பாத்தாச்சு. சொல்லிக் குடுத்தாத்தான் வரும்னு தோணுச்சு. வேலுத்தாயைக் கூப்பிட்டேன். இன்னிக்கு நான் உக்கார்றேன், நீ மூடியைக் கழட்டு. ஒரு மனுசன் எப்படி அசையாம இருக்கான்னு பாத்துக்க. நீ மாட்டுற வரைக்கும் ஒரு முடி அசையாது, அசைஞ்சா அப்புறம் உன்னைய ஒண்ணும் கேக்க மாட்டேன்னு சொன்னேன். வாக்குக் குடுத்தேன் தம்பி. லென்ஸ் ஓட்டையை எறும்பு போற அளவுக்குச் சுருக்கி வெச்சேன், சன்னல் வெளிச்சம், நெறைய நேரம் தெறந்திருக்கணும். நூறு வரைக்கும் மெதுவா எண்ணிட்டு மாட்டுன்னேன். போயி அந்த மரச் சேர்ல உக்காந்தேன். கை ரெண்டும் தொடையில. கண்ணு லென்ஸ் மேல.

அவ வந்தா. கட்டு போட்ட கையால இல்லை, மத்தக் கையால. மூடியைத் தொட்டு, கொஞ்ச நேரம் என்னையப் பாத்தா. எங்களுக்குக் கல்யாணமாகி இத்தனை வருசத்துல அவ என்னைய அப்படி நேரா பாத்ததே கிடையாது. கழட்டுனா. நான் அசையலை.

எண்ண ஆரம்பிச்சேன். நூறு வந்துச்சு. மூடி வரலை. மெதுவா எண்ணுறா போலன்னு நெனச்சேன். அவ மூடியை ஸ்டூல் மேல வெச்சா, ஓரக் கண்ணுல தெரிஞ்சது. வெச்சுட்டு என் பார்வையிலருந்து நகண்டா. பீரோ தெறக்கிற சத்தம். சுபா குரலு, அம்மா மாத்திரையை எடுத்துக்கன்னு. பேக்கு ஜிப் இழுக்கிற சத்தம். எனக்குப் புரியலைன்னு நெனைக்காதீங்க. அத்தனையும் புரிஞ்சது. எந்திரிச்சு ஓடிப் போயி கொண்டையைப் புடிச்சு இழுத்துப் போட ஒரு நொடி ஆகாது எனக்கு. ஆனா மூடி இன்னும் மாட்டலையே. எந்திரிச்சா படம் போச்சு. எந்திரிச்சா, பாத்தீங்களா, நீங்களும் அசைஞ்சீங்கன்னு அவ சொல்லுவா. வாழ்நாள் பூரா சொல்லுவா. அந்தச் சொல்லை நான் கேக்கணுமா?

செருப்பு மாட்டுனாங்க. என் முதுகுக்குப் பின்னால, இந்த வாசல் வழியாத்தான் போனாங்க. நான் அசையலை. கதவைச் சாத்தக்கூட இல்லை. கன்னத்துல கொசு உக்காந்து கடிக்குது, அசையலை. எம்புட்டு நேரம் உக்காந்தேன்னு தெரியாது. சன்னல் வெயில் சுவத்துலருந்து எறங்கித் தரைக்கு வந்து, தரையை விட்டும் போச்சு. வாத்தியார் வாசல்ல நின்னு, சௌந்தரம், உங்க வீட்டுல பேக்கோட மதுரை வண்டியில ஏறுனாங்களே, என்னய்யா இப்படி உக்காந்திருக்கன்னாரு. வாத்தியாரே, அந்த மூடியை எடுத்து மாட்டுங்கன்னேன். அவரு மாட்டுனதுக்கு அப்புறம்தான் எந்திரிச்சேன். கால் மரத்துப் போயி அப்படியே தரையில விழுந்தேன்.

அப்புறம் நடந்ததுதான் ஊருக்கே தெரியுமே. ரெண்டு பேரும் மச்சினன் வீட்டுல இருக்காங்கன்னு அங்க போனேன். கேட்டுக்கு உள்ள ஆளுங்க கம்பியோட நின்னாங்க. ஒருத்தன் மண்டையை ஒடச்சேன், அவங்க என்னைய ஒடச்சாங்க, இந்தத் தழும்பு அதுதான். மகளிர் ஸ்டேஷன்ல கூப்பிட்டாங்க. போனா மேசை பூரா என் படங்க. வரிசையா, தேதிப்படி. அந்த இன்ஸ்பெக்டர் அம்மா ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்துட்டு, இதெல்லாம் எடுத்தது யாருன்னு கேட்டுச்சு. நான்தான் மேடம்னேன். யாரும் உதவி பண்ணாங்களான்னுச்சு. இல்லை மேடம், பிலிம் போட்டது, கழுவுனது, பிரிண்டு எடுத்தது எல்லாம் நான் ஒருத்தன்தான்னேன். பெருமையாத்தான் சொன்னேன், பொய் இல்லை. எழுதிக் கையெழுத்துப் போடுன்னுச்சு. போட்டேன். என் வேலைக்கு நான் கையெழுத்துப் போட வெக்கப்படணுமா? இப்ப கோர்ட்டுல அதையே வெச்சுப் பேசுறாங்க. அந்தக் கறையைக் காட்டிப் பேசுறாங்க தம்பி. பிலிம் சரியில்லைன்னு நான் சொன்னா சிரிக்கிறாங்க.

பெட்டியை எடுத்துக்கங்க. எனக்கு இனி எதுக்கு? உக்கார்றதுக்கு வீட்டுல ஆள் இல்லை. ராத்திரி சோத்துக்கு ஓட்டலுக்குப் போறேன். தனியா இருக்கக் கஷ்டமாத்தான் இருக்கு, உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன.

ஆனா போறதுக்கு முன்னால இதைப் பாத்துட்டுப் போங்க. கோர்ட்டுல இதைக் காட்டுறேன்னேன், என் வக்கீலே வேண்டாங்கிறாரு. யாருமே இதைப் பாக்க மாட்டேங்கிறாங்க. அந்த ஞாயித்துக்கிழமை எடுத்தது. நெகட்டிவ் கரியாத்தான் வந்துச்சு, வெளிச்சத்தை நெறையக் காட்டி எப்படியோ பிரிண்ட் போட்டுட்டேன். பாருங்க, மீசை முடியை எண்ணலாம். சட்டைப் பித்தான்ல இருக்கிற ஓட்டை தெரியுது. கண்ணுகூடத் தெளிவு. பின்னால தெறந்த வாசல் தெரியுதா? அது வழியாத்தான் ரெண்டு பேரும் போனாங்க, படத்துல இருக்காங்களா பாருங்க. இல்லை. நடந்து போறவங்க இதுல விழ மாட்டாங்க தம்பி. போனதுக்கு ஒரு நெழல்கூட இல்லை.

நீங்க படிச்சவரு, இந்தப் பெட்டியைப் பத்தித் தெரிஞ்சவரு. பஸ் ஸ்டாண்டுல ஏறும்போது எவனாவது கேட்டான்னா இதை மட்டும் சொல்லிட்டுப் போங்க. அந்த வீட்டுல அசையாம இருந்தவன் சௌந்தரம் ஒருத்தன்தான்னு சொல்லுங்க.